தேய்ந்த டயரைப் படிப்போம்

டில்லியில் ஜங்புரா என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் ஓரமாகப் பாராபுல்லா என்ற பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அந்த வாய்க்கால் கரையில் மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் அங்கே பல பத்து ஆண்டுகள் குடியிருந்தார்கள். பெண்களில் பலர் பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலை செய்தார்கள். ஆண்கள் சமையல் வேலை, கூலி வேலை, டிரைவர் வேலை என்று கிடைத்த வேலையைச் செய்தார்கள்.

2025 ஜூன் 1ஆம் தேதி அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. மழை நீர் தடையில்லாமல் ஓட வாய்க்கால் கரையைக் காலி செய்ய வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அங்கே சுமார் 370 வீடுகள் இருந்தன. 189 குடும்பங்களுக்கு நரேலாவில் மாற்று வீடு உண்டு என்று அப்போது முடிவானது. மற்றவர்கள் வாடகை வீடு தேடிப் பல பக்கம் போனார்கள்.

நரேலா டில்லியின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். வீடு மாறியது, வேலை மாறவில்லை. பழைய இடத்துக்கே வேலைக்குப் போகிறவர் தினமும் 40 கிலோமீட்டர் போக வேண்டும், 40 கிலோமீட்டர் திரும்ப வேண்டும்.

அப்படிப் போய் வரும் ஒரு வேன் டிரைவரை நினைத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டாம். அவரிடம் 2013ஆம் ஆண்டில் பதிவு செய்த ஒரு மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. பழைய வண்டியாக வாங்கியது. மாருதி நிறுவனம் இந்த வேனை 1984இல் விற்கத் தொடங்கியது. 2019இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் பல ஊர்களில் இன்னும் ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறது, காய்கறி ஏற்றுகிறது, கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றுகிறது.

நம் டிரைவருக்கு ஒரு தொல்லை. முன்பக்க இடது டயர் சீக்கிரம் தேய்ந்து போகிறது. முழுவதும் தேய்ந்தால் பரவாயில்லை. உள்பக்க ஓரம் மட்டும் தேய்கிறது. வெளிப்பக்கம் பட்டன் நன்றாக இருக்கிறது. உள்பக்கம் மொட்டையாகிவிட்டது. ஒரு தடவை புது டயர் போட்டார். ஐந்தே மாதத்தில் அதுவும் அப்படியே ஆனது. இரண்டு தடவை வீல் அலைன்மென்ட் செய்தார். அதற்கும் காசு போனது, தேய்மானம் நிற்கவில்லை.

அவர் எங்கே தவறினார்? டயரை மாற்றினார். ஆனால் டயரைப் படிக்கவில்லை.

உங்கள் பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். சிலருக்குக் குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கும். சிலருக்கு உள்பக்கம் தேய்ந்திருக்கும். ஒரு கால் மட்டும் அதிகம் தேய்ந்த செருப்பும் உண்டு. செருப்பைப் பார்த்தே அந்த ஆளின் நடையைச் சொல்லிவிடலாம் அல்லவா? டயரும் வண்டியின் செருப்புத்தான். வண்டி எப்படி நடக்கிறது என்பது அதில் எழுதியிருக்கும்.

முதலில் வண்டியின் முன்பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். மாட்டு வண்டியில் அச்சும் சக்கரமும் நேராக இணைந்திருக்கும். குழியில் விழுந்தால் ‘தொம்’ என்று நம் இடுப்பில் இடிக்கும். மோட்டார் வண்டியில் சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஸ்பிரிங் இருக்கிறது. குழியில் சக்கரம் மட்டும் இறங்கி ஏறும். ஸ்பிரிங் ஒரு தடவை அமுங்கினால் பல தடவை குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்க ஷாக் அப்சார்பர் இருக்கிறது. அதற்குள் எண்ணெய் இருக்கும். சக்கரத்தின் அடிப்பகுதியை ஓர் இரும்புக் கை வண்டியோடு பிடித்திருக்கும். அதை லோயர் ஆர்ம் என்பார்கள். கையின் ஒரு முனையில் ரப்பர் புஷ் இருக்கும். மறு முனையில் பால் ஜாயிண்ட் இருக்கும். நம் தோள் மூட்டு மாதிரி உருண்டையும் கிண்ணமுமாக இருக்கும் இந்தப் பால் ஜாயிண்ட். சக்கரம் மேலும் கீழும் ஆட வேண்டும். இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுப்பது இந்த மூட்டுத்தான். இன்னொரு கம்பி ஸ்டீயரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும். அதன் நுனியில் இருப்பது டை ராடு எண்டு. இவை எல்லாம் சேர்ந்ததை சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் என்று சொல்கிறோம்.

ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாகச் சேர்த்துக் கட்டும் முறையை மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்தார். மாருதி 800 காரிலும் ஆம்னி வேனிலும் முன்பக்கம் அந்த முறைதான். அம்பாசிடர் வேறு மாதிரி. அதில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் நீளமான இரும்புக் கம்பி இருக்கும். கம்பி முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும். அந்தக் காலத்து அம்பாசிடர் டிரைவர்கள் கிரீஸ் துப்பாக்கியும் கையுமாக இருப்பார்கள். மூட்டுகளுக்கு அடிக்கடி கிரீஸ் ஏற்ற வேண்டும். அது ஒரு சிரமம்தான். ஆனால் அந்தச் சாக்கில் மாதம் ஒரு முறையாவது யாரோ ஒருவர் வண்டியின் அடிப்பக்கத்தைக் கண்ணால் பார்த்தார்கள். இப்போதைய மூட்டுகளில் கிரீஸை உள்ளேயே வைத்து மூடிவிடுகிறார்கள். அதனால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மேலே மூடியிருக்கும் ரப்பர் கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். மூட்டு அரிக்கப்படும். அதற்குப் பிறகு ஆட்டம்தான்.

இப்போது டயருக்கு வருவோம்.

டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவு. காற்று குறைந்த டயர் நடுவில் குழிந்துவிடும். ஓரங்கள்தான் ரோட்டில் அழுந்தும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்து இரண்டு ஓரமும் நன்றாக இருந்தால் காற்று அதிகம். இந்த இரண்டுக்கும் மெக்கானிக் தேவையில்லை. காற்றுப் பிடிக்கும் கடை போதும்.

காற்றின் அளவு பி.எஸ்.ஐ. என்ற கணக்கில் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் எழுதியிருக்கும். பல வண்டிகளில் டிரைவர் கதவை ஒட்டி ஒரு சீட்டும் ஒட்டியிருக்கும். கடைக்காரர் கேட்கும்போது ‘உங்களுக்குத் தெரியும், பிடியுங்கள்’ என்று சொல்லாதீர்கள். எண்ணைப் படித்து நீங்களே சொல்லுங்கள். வண்டி ஓடி டயர் சூடானால் காற்றின் அழுத்தம் கூடிக் காட்டும். ஆகவே காலையில் வண்டி எடுத்தவுடன் பார்ப்பதே சரி.

டில்லிக்காரர்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. அங்கே மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஜனவரிக் காலையில் 5 டிகிரிக்கும் இறங்கும். குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கும். கோடையில் சரியாகப் பிடித்த டயர், ஓட்டை இல்லாவிட்டாலும், குளிர்காலத்தில் நாலைந்து பி.எஸ்.ஐ. குறைந்து காட்டும். தீபாவளி முடிந்து குளிர் தொடங்கும்போது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

டயரில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் சக்கரம் ரோட்டைத் தட்டித் தட்டி ஓடும். தட்டிய இடமெல்லாம் தேயும். வீல் பேலன்ஸ் சரியில்லாவிட்டாலும் இப்படி வரும். ஒரே ஓர் இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் எப்போதோ திடீர் பிரேக் போட்டு டயர் உருளாமல் இழுபட்டிருக்கிறது என்று பொருள்.

ஓர் ஓரம் மட்டும் தேய்வதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். அதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, சக்கரம் சாய்ந்து நிற்பது. இன்னொன்று, சக்கரம் நேராகப் பார்க்காமல் திரும்பி நிற்பது.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். உங்கள் இரண்டு பாதங்களின் கட்டைவிரல்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். பாதம் ஒரு பக்கம் போகப் பார்க்கும். நீங்கள் நேராகப் போவீர்கள். பாதம் தரையில் உராயும். முன் சக்கரங்களும் இப்படி உள்நோக்கித் திரும்பியிருந்தால் அதை டோ-இன் என்பார்கள். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் டோ-அவுட் என்பார்கள்.

கொஞ்சம் திரும்பியிருந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். ஆம்னி டயரின் உயரம் சுமார் 54 சென்டிமீட்டர், அதாவது 540 மில்லிமீட்டர். சக்கரத்தின் முன் ஓரம், பின் ஓரத்தை விட 3 மில்லிமீட்டர் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 540 மில்லிமீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டர் கோணல். இதே கணக்கில், வண்டி ஒரு கிலோமீட்டர் போனால் டயர் ஐந்தரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். நரேலாவுக்கும் ஜங்புராவுக்கும் போய் வந்தால் 80 கிலோமீட்டர். 80ஐ ஐந்தரையால் பெருக்குங்கள். 440 மீட்டர். தினமும் டயரைத் தார் ரோட்டில் 440 மீட்டர் தூரம் குறுக்காகத் தேய்ப்பதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத 3 மில்லிமீட்டர் செய்யும் வேலை இது.

இதைக் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம். வண்டி நின்றிருக்கும்போது, டயர் ஆறிய பிறகு, உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக வைத்துத் தடவுங்கள். கம்பி துருத்திக்கொண்டிருந்தால் தொடாதீர்கள், கையைக் கிழித்துவிடும். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளியே தடவும்போது ரம்பப் பல் போலச் சுருக்கென்றும் இருந்தால் டோ-இன் அதிகம். உள்ளிருந்து வெளியே வழவழப்பு, வெளியிலிருந்து உள்ளே சுருக்கென்று இருந்தால் டோ-அவுட். இந்தக் கோளாறு பெரும்பாலும் இரண்டு முன் டயரிலும் தெரியும். ஏனென்றால் ஓடும்போது இரண்டு சக்கரமும் கோணலைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

ஒரு டயரில் மட்டும், ஓர் ஓரம் மட்டும், ரம்பப் பல் இல்லாமல் வழவழவென்று தேய்ந்தால்? அந்தச் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் உள் ஓரம் தேயும். வெளியே சாய்ந்தால் வெளி ஓரம் தேயும். இந்தச் சாய்வைக் கேம்பர் என்பார்கள். ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருக்கலாம். குழியில் விழுந்து ஏதாவது வளைந்திருக்கலாம். புஷ் பிய்ந்திருக்கலாம். பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம்.

நம் டிரைவரின் டயர் எந்த வகை? இடது டயர் மட்டும். உள் ஓரம் மட்டும். இப்போது உங்களுக்கே ஒரு யூகம் வந்திருக்கும். அவர் நரேலாப் பக்கம் ஒரு வயதான தமிழ் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் கூடப் போனார்.

“அண்ணே, ரெண்டு தடவை அலைன்மென்ட் பண்ணிட்டேன். டயர் இன்னும் தின்னுது.”

“அலைன்மென்ட் இருக்கட்டும் தம்பி. ஆட்டம் பார்த்தாங்களா?”

“அதெல்லாம் பார்க்கலைண்ணே. மெஷின்ல ஏத்தி இறக்கினாங்க.”

மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் முன்பக்க இடது மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார். வண்டி ஒரு தடவை எழும்பி அமர்ந்தது. தொடர்ந்து மூன்று நான்கு தடவை குதித்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று பொருள். இங்கே அப்படி இல்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவும் இல்லை.

பிறகு டிரைவரின் மனைவியைப் பார்த்து, “நீ உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கொஞ்சமா இடம் வலம் ஆட்டும்மா” என்றார். அவர் ஆட்டினார். மெக்கானிக் ஒரு பக்கமாகக் குனிந்து டை ராடு எண்டைத் தொட்டுப் பார்த்தார். அங்கே ஆட்டம் இருந்தால் விரலில் ‘டக் டக்’ என்று தட்டும். தட்டவில்லை.

அடுத்து வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். ஜாக்கியில் தூக்கினார். தூக்கியதும் அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்தார். இதை மட்டும் எப்போதும் மறக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்தவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். செங்கல்லை அடுக்கி வைப்பதும் ஆபத்து. நொறுங்கிவிடும்.

தூக்கிய சக்கரத்தை முதலில் இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். கடிகாரத்தில் 9 மணியும் 3 மணியும் இருக்கும் இடம். இந்த ஆட்டம் பெரும்பாலும் ஸ்டீயரிங் மூட்டுகளைக் காட்டும். ஆடவில்லை. பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடம். ‘லொட்’ என்று ஆடியது. இது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு.

“தங்கச்சி, இப்போ பிரேக்கை நல்லா மிதிச்சுப் பிடி.”

பிரேக்கை மிதித்தால் சக்கரமும் அதைத் தாங்கும் பகுதியும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். பேரிங்கில் ஆட்டம் என்றால் அப்போது நின்றுவிடும். பிரேக் மிதித்த பிறகும் ஆடினால் கோளாறு பேரிங்குக்கு அப்பால் இருக்கிறது. மிதித்தார்கள். அப்போதும் ஆடியது.

மெக்கானிக் விளக்கைப் பிடித்துக் காட்டினார். இடது பால் ஜாயிண்டின் ரப்பர் மூடி கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இல்லை, சேறுதான் இருந்தது. லோயர் ஆர்ம் புஷ்ஷும் வெடித்துப் பிய்ந்திருந்தது. அதனால் சக்கரத்தின் அடிப்பகுதி தன் இடத்தில் நிற்கவில்லை. சக்கரம் சாய்ந்தது. உள் ஓரம் தேய்ந்தது.

“ஏண்ணே இடது பக்கம் மட்டும்?”

“நம்ம நாட்டுல இடது பக்கம்தானே ஓட்டுறோம். ரோட்டு ஓரத்துலதான் குழியும் தண்ணியும். இடது சக்கரம்தான் அதிகமா அடி வாங்கும்.”

இதற்கு முன் செய்த இரண்டு அலைன்மென்டும் ஏன் பயன்படவில்லை என்று இப்போது புரிகிறது. இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் அலைன்மென்ட் கடையில் டோவை மட்டும்தான் திருப்பிச் சரி செய்ய முடியும். கேம்பரைத் திருப்பப் பெரும்பாலும் திருகு கிடையாது. மேலும், மூட்டே ஆடும்போது எந்த அளவை வைத்தாலும் நிற்காது. மெஷினில் பச்சை விளக்கு எரியும். கடையை விட்டு இறங்கி முதல் வேகத்தடையில் ஏறியதும் அளவு மாறிவிடும். ஆகவே முதலில் காற்று. அடுத்து ஆட்டம். ஆட்டத்தை நிறுத்திய பிறகுதான் அலைன்மென்ட். புது டயர் எல்லாவற்றுக்கும் கடைசி. கடைக்காரர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வார்கள். முதலில் டயர் விற்க வேண்டும் அல்லவா?

ஒரு பால் ஜாயிண்டும் புஷ்ஷும் பொதுவாக ஒரு புது டயரின் விலையை விடக் குறைவு. ஆனால் காசு மட்டும் பிரச்சினை இல்லை. மிகவும் தேய்ந்த பால் ஜாயிண்ட் ஓடும்போதே கழன்றுவிடலாம். அப்போது சக்கரம் மடங்கி வண்டி தரையில் இடிக்கும். ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி கேட்காது. உள்ளே பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் என்ன ஆகும்? குழியில் இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் கேட்கிறதா, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா, இவற்றை ஒரு வாரம் கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த வண்டியில் ஆள் ஏற்றவே கூடாது.

பழுது பார்க்கும்போது சாமான் வாங்குவதிலும் கவனம் தேவை. டில்லியில் மோட்டார் சாமான்களுக்குப் பெயர் போன இடம் காஷ்மீரி கேட். அங்கே அசலும் கிடைக்கும், போலியும் கிடைக்கும். பெட்டியின் மேல் இருக்கும் கம்பெனிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அசல் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அச்சடித்த பெட்டிகளும் உண்டு. பில் கேட்டு வாங்குங்கள். பழைய சாமானைக் கழற்றிய பிறகு, ‘அதைக் கொடுங்கள், பார்க்கிறேன்’ என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பழைய டயர் வாங்குகிறவர்கள் டயரின் பக்கச் சுவரைப் படிக்க வேண்டும். அங்கே ஒரு சின்னக் கட்டத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருக்கிறது என்று பத்து வருடப் பழைய டயரை வாங்கக் கூடாது. ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சின்ன மேடுகள் தெரியும். தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் கார், வேன் டயருக்கு ஆயுள் முடிந்தது. பள்ளத்தின் ஆழம் அப்போது 1.6 மில்லிமீட்டர்தான். மழைத் தண்ணீரை அதனால் வெளியேற்ற முடியாது. தேய்ந்த முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடுவது இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட உதவும். ஆனால் முன்பக்கக் கோளாறு அப்படியே இருக்கும். பின்னாலிருந்து வந்த நல்ல டயரும் தேயத் தொடங்கும்.

ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோவில் முன்னால் ஒரே சக்கரம். ஆகவே டோ-இன், டோ-அவுட் என்ற பேச்சு அங்கே இல்லை. முன் டயர் ஒரு பக்கம் தேய்ந்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் நடுங்கினால் கோன் செட் தேய்ந்திருக்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து, முன்னும் பின்னும் இழுத்தால் தெரிந்துவிடும்.

டில்லியில் பழைய வண்டிக்கு இன்னொரு கவலையும் உண்டு. டீசல் வண்டி 10 ஆண்டு, பெட்ரோல் வண்டி 15 ஆண்டு தாண்டினால் ஓட்டக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் இதில் சில மாற்றங்கள் செய்தது. ஆகவே பழைய வண்டியில் பெரிய செலவு செய்யும் முன் பதிவுப் புத்தகத்தை எடுங்கள். பதிவு செய்த தேதியைப் படியுங்கள். எந்த பி.எஸ். வகை என்பதையும் பாருங்கள். இன்றைய விதி என்ன என்று போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். இன்னும் ஆறு மாதம்தான் ஓடும் என்றால், பால் ஜாயிண்ட் மாற்றியே ஆக வேண்டும். நான்கு புது டயர் தேவைப்படாமல் போகலாம்.

நம் டிரைவர் பால் ஜாயிண்டையும் புஷ்ஷையும் மாற்றினார். மறுநாள் அலைன்மென்ட் செய்தார். பிறகுதான் டயர் வாங்கினார். அவர் மனைவி ஒரு 40 பக்க நோட்டு வாங்கி வண்டியில் வைத்தார். வீட்டுக்கணக்கு எழுதும் அவருக்கு இது பெரிய வேலை இல்லை. அதில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது:

நவம்பர் 3. மீட்டர் 91,200. இடது முன் டயர் புதிது. அலைன்மென்ட் ஆனது.
டிசம்பர் 3. மீட்டர் 93,400. காற்று 3 குறைவு. பிடித்தாயிற்று.
ஜனவரி 4. மீட்டர் 95,600. உள் ஓரம், வெளி ஓரம் சமம்.

பயிற்சி

நவம்பர் 3 முதல் ஜனவரி 4 வரை அந்த வேன் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? கழித்துப் பாருங்கள்.

டிசம்பரில் காற்று ஏன் குறைந்திருக்கும்? டயரில் ஓட்டை இல்லை என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்.

உங்கள் தெருவில் நிற்கும் ஒரு பழைய வண்டியின் முன் டயர்களை, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பாருங்கள். செய்த ஆண்டு, தேய்ந்த இடம், தடவினால் தெரிவது மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.